நாற்பத்தேழாம் பிளாக் நத்தைகள்

புதுவாழ்வு நகர் நாற்பத்தேழாம் பிளாக்கில், நாலாவது மாடியில், தேசம்மாவின் வீட்டில் கடல் ஏறி இறங்கத் தொடங்கியபோது, அதற்கு நேர் கீழே மூன்றாவது மாடியில் குடியிருந்த நான் செய்த முதல் காரியம் எங்களை இங்கே குடிவைத்த வாரியத்துக்குப் புகார் எழுதியதுதான். சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பின்னால் நடந்த நல்லதுக்கும் கெட்டதுக்கும் அந்த ஒரு தாள்தான் காரணம் என்பதால் அதை மறைத்துவிட்டுக் கதை சொல்ல முடியாது. "ஐயா, மேல் வீட்டிலிருந்து என் வீட்டுக் கூரை வழியாக நாளொன்றுக்கு இரண்டு வேளை உப்புத் தண்ணீர் ஒழுகுகிறது, ஒழுகும் நேரம் தினமும் முக்கால் மணிக்கும் மேலே தள்ளிப் போகிறது, அமாவாசை பௌர்ணமிக்கு அதிகமாக ஒழுகுகிறது, சுவர் அரிக்கிறது, தயவுசெய்து ஆவன செய்யவும்" என்று எழுதி, கீழே பெயிண்டர் சம்பந்தம் என்று கையெழுத்துப் போட்டு, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாரிய அலுவலகத்தின் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

புதுவாழ்வு நகரில் புதிதாக இருந்தது கட்டடம் மட்டும்தான். பட்டணத்தில் எங்கெங்கே ஜனங்கள் கண்ணை உறுத்தினார்களோ அங்கிருந்தெல்லாம் லாரி வைத்து அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்டினார்கள், ஆற்றங்கரையிலிருந்து எங்களைக் கொண்டுவந்தார்கள், நண்டுப்பாறைக் குப்பத்திலிருந்து கடற்கரை ஆட்களைக் கொண்டுவந்தார்கள், ஒரே படிக்கட்டில் எங்களையும் அவர்களையும் மேலும் கீழுமாக அடுக்கிவிட்டுப் போனார்கள். எங்களுக்கு அவர்கள் மேல் மீன் நாற்றம் என்று புகார், அவர்களுக்கு எங்கள் மேல் சாக்கடை ஆட்கள் என்று இளக்காரம். கடலுக்கும் இந்த இடத்துக்கும் இருபத்தாறு கிலோமீட்டர். குப்பத்து ஆண்கள் விடிவதற்கு முன்பே முதல் பஸ் பிடித்துப் போய், மணலில் ஏற்றிவைத்திருந்த தங்கள் படகுகளைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போவார்கள், கரை சேர்ந்ததும் மறுபடி பஸ் பிடித்து மாடி ஏறுவார்கள். தேசம்மாவின் புருஷன் பாளையமும் அப்படிப் போகிறவர்தான். வீடு போனாலும் படகு வைக்க மணல் இருக்கிறதே என்பது ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த தைரியம்.

தேசம்மா கடற்கரைச் சாலை பங்களா ஒன்றில் வீட்டு வேலை பார்த்தாள். அந்த வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் உப்புத் தண்ணீர்க் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். கண்ணாடியில் படிகிற பாசியைத் தின்பதற்கென்று கடையில் சொல்லி வெளிநாட்டு நத்தைகளை வரவழைப்பார், அவை பதினைந்து நாளில் செத்துப்போகும், மறுபடி வரவழைப்பார், மறுபடி சாகும். கடைசியில் அவருக்கே வெறுத்துப்போய், "தேசம்மா, தொட்டிய நீயே தூக்கிட்டுப் போயிடு, எனக்கு ராசியில்ல" என்றார்.

"ராசி இன்னா ராசி?" என்று அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் மனைவி வனஜாவிடம் சொன்னாள். "பாசி துன்னத்தான் நத்தைய வாங்குறாரு. அப்பாலிக்கா அவரே துணிய எடுத்துகினு காலைல ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி கண்ணாடியத் தொடச்சிடுறாரு. அது இன்னாத்தத் துன்னும்? பட்டினி போட்டுட்டு ராசின்றாரு."

தொட்டியை மினி லாரியில் ஏற்றி வந்து நாலு மாடி தூக்கி வைத்தார்கள். பாளையம் தினமும் கடலிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் பஸ்ஸில் கொண்டுவந்தார். நண்டுப்பாறையில் தண்ணீர் வற்றியிருந்த ஒரு மத்தியானம் தேசம்மா போய், குப்பத்துப் பிள்ளைகள் காலால் மிதித்துக்கொண்டு ஓடுகிற சாதாரணப் பாறை நத்தைகளில் பத்தொன்பதைப் பொறுக்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். தண்ணீர் வெயிலில் குறையும்போது முதலில் அவள் கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்பினாள், நத்தைகள் ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டன, நாக்கில் தொட்டுப் பார்த்தவள் காறித் துப்பினாள். ஆவியாகிப் போகிறது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது என்று புரிந்த பிறகு குறைந்ததைக் குடிதண்ணீரால் நிரப்பினாள். தினமும் காலையில் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, "சரியா இருக்கு" என்பாள், அல்லது "ஒரு சொம்பு ஊத்து" என்பாள். மல்லாந்து விழுகிற நத்தைக்குத் தானாகப் புரளத் தெரியாது, பார்க்கிறவர்கள் புரட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சட்டம் போட்டாள். சோப்புக் கையோடு யாரும் கிட்டே போகக் கூடாது, கொசுவர்த்தி ஏற்றக் கூடாது, கண்ணாடியில் பச்சை படிந்தால் அதைக் கண்டு யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

எட்டாம் நாள் காலையில் நத்தைகள் பாசியை மேய்ந்துகொண்டே கண்ணாடியில் ஏறித் தண்ணீர் மட்டத்துக்கும் மேலே போயின, தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே ஏறிப் போனது. யாரும் ஊற்றவில்லை. நத்தை ஒரு விரல் ஏறினால் தண்ணீர் ஒரு விரல் ஏறியது, நத்தை நின்றால் தண்ணீர் நின்றது, ஆறு மணி நேரம் கழித்து அவை இறங்கியபோது தண்ணீரும் மரியாதையாகக் கூடவே இறங்கியது. பல் துலக்கிக்கொண்டிருந்த பாளையம் அதைப் பார்த்துவிட்டு, "ஏத்தம் வந்துடுச்சு, நான் கெளம்புறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அந்த வீட்டில் ஆச்சரியம் என்றால் அவ்வளவுதான்.

அடுத்த அமாவாசைக்கு நத்தைகள் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கித் தரைக்கு வந்தன, தண்ணீரும் தாண்டி வந்தது, அன்றைக்குத்தான் என் கூரை ஒழுகத் தொடங்கியது. நான் மேலே ஓடிப்போய்க் கத்தினேன். தேசம்மா கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "அண்ணாத்தே, இன்னும் ஒரு மணி நேரம் பொறு, எறங்கிடும்" என்றாள், பஸ் எப்போது வரும் என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோல. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தும் ஒழுகல் நிற்காததால் நான் கோபத்தோடு போய்ப் புகார் எழுதினேன்.

நான் புகார் எழுதியதோடு சரி, மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கடலோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். குப்பத்து ஆண்கள் படுக்கையை விட்டு எழுந்ததும் முதலில் தேசம்மா வீட்டை எட்டிப் பார்த்து, தண்ணீர் அடங்கியிருந்தால் பஸ்ஸுக்கு ஓடினார்கள், சலசலத்தால் மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார்கள். இரண்டாவது மாடித் தையல்காரர், காலை ஏற்றத்துக்கு முன் துணி கொடுத்தால் மாலை ஏற்றத்துக்குள் தைத்துத் தருகிறேன் என்று பலகை எழுதி மாட்டினார், அந்தப் பலகையை எழுதிக் கொடுத்தவனே நான்தான். வனஜா கூரைச் சொட்டுக்கு அடியில் குண்டான் வைத்து அந்தத் தண்ணீரில் உலை வைத்தாள், எங்கள் வீட்டில் சோற்றுக்கு உப்புப் போடுவது நின்றது, ரசத்தில் மட்டும் கொஞ்சம் அலை அதிகமாக இருக்கிறது என்று நான் குறை சொன்னால் முறைப்பாள். கல்யாணம் பேச வந்தவர்கள் ஏற்ற நேரத்தில் வந்தால் சகுனம் நல்லது என்றாகி, வற்றும் நேரத்தில் வந்த மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே ஒரு மணி நேரம் நிற்க வைக்கப்பட்டார்கள். ஒரு நண்டு வந்தது, யார் கொண்டுவந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடலைக் கண்ணாலேயே பார்த்திராத எங்கள் ஆற்றங்கரைக் கிழவர் ஒருவர் நாலாவது மாடி ஏறும்போதே எனக்குக் குமட்டுகிறது, கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி எலுமிச்சம்பழத்தோடு திரிந்தார்.

இப்படி நாங்கள் பாட்டுக்கு இருந்தபோதுதான் குப்பத்துப் படகுகள் மேல் கை வைத்தார்கள். நண்டுப்பாறைக் கரையில் நடைபாதையும் புல்வெளியும் வரப்போகிறதாம். இருபத்தேழு படகுக்காரர்களுக்கும் வாரியத்திலிருந்து ஒரே நோட்டீஸ் வந்தது. நீங்கள் கடற்கரையில் குடியிருக்கவில்லை, ஆகவே நீங்கள் கரைவாசிகள் அல்ல, ஆகவே கரையில் படகு வைக்க உங்களுக்கு உரிமை இல்லை, ஆடி மாதப் பௌர்ணமிக்கு முந்தின சனிக்கிழமை மாலைக்குள் படகுகளை அகற்ற வேண்டும். அவர்களே லாரி வைத்துத் தூக்கி வந்து இருபத்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு, ஏன் தூரமாக இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். படித்ததும் பாளையம் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மணல் இல்லாவிட்டால் படகு இல்லை, படகு இல்லாவிட்டால் அவர் ஏதாவது கட்டடத்து வாசலில் விசில் ஊதிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், அதை நினைத்து அந்த ஆள் அழுததை நான் பார்த்தேன்.

தேசம்மா அழவில்லை. அவளுக்கு மூக்கு விடைத்தது. நேராக என் வீட்டுக்கு வந்து, "அண்ணாத்தே, நீ வாரியத்துக்கு எழுதின புகாருக்குப் பதில் வந்துச்சாமே, குடு" என்றாள். எனக்குப் பகீரென்றது, அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வாரியத்துக் குமாஸ்தா யாரோ, வேலை அலுப்பிலோ குசும்பிலோ, என் புகாரைச் சுருக்கி, "பொருள்: நாற்பத்தேழாம் பிளாக், கடல் ஏற்ற இறக்கத்தால் ஏற்படும் கசிவு, ஆய்வு செய்யப்படும்" என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்.

"பாத்தியா, கடல்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க" என்றாள் தேசம்மா. "எங்க குப்பத்த எழுப்புறப்போ அளக்குற கொடியும் சங்கிலியுமா வந்து நின்னானுங்க. தண்ணி ஒசரமா வந்து நிக்கிற எடத்துல ஒரு கோடு போட்டானுங்க. அந்தக் கோட்டுல இருந்து ஐந்நூறு மீட்டர் கரைன்னு சட்டமாம். கரைல மீன்புடிக்கிறவன் இருக்கலாம், அவனத் தவுர வேற எவனும் கட்டடம் கட்டக் கூடாதாம். அத எங்களுக்குப் பாடமா எடுத்தான் அந்த ஆபீசரு. இப்ப அதே கோட்ட நம்ம வீட்டுல வந்து போடட்டும்."

"ஏம்மா, இதெல்லாம் எடுபடுமா?" என்றேன்.

"எடுபடாதுன்னு நெனச்சா நீ ஏன் புகார் எழுதுன?"

மனுவை அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், தப்புக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தேழு படகுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள், பிறகு படகே இல்லாத ஆற்றங்கரைக்காரர்கள் நாங்களும் போட்டோம். சிரித்துக்கொண்டே வாங்கிவைத்த வாரிய அலுவலகம், என்ன நினைத்ததோ, சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை மாலை சர்வேயர் வந்து அளப்பார் என்று கடிதம் அனுப்பியது. எப்படியும் ஒன்றும் இருக்காது, இல்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

நத்தைகள் உயிரோடு இருந்தால் கடல் ஏறும், கடல் ஏறினால் கோடு விழும், கோடு விழுந்தால் குப்பத்தார் கரைவாசி ஆவார்கள், படகு மிஞ்சும். பிளாக் முழுக்க இது தெரியும். தெரிந்ததாலேயே வினையும் வந்தது.

அந்தப் புதனுக்கு முந்தின வெள்ளி, ஆடி வெள்ளி. குப்பத்துப் பெண்கள் வருஷா வருஷம் ஆடியில் அம்மன் கோயிலிலிருந்து செம்புக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் எடுத்துப்போய்க் கடலில் ஊற்றி, பழைய செப்புக் காசு போட்டு, எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பு தாயே என்று கும்பிடுவார்கள். இந்த வருஷம் காரியம் பெரிது, கும்பிட வேண்டியதும் பெரிது, கடலோ மாடியிலேயே இருக்கிறது. தேசம்மா பங்களா வேலைக்குப் போயிருந்தாள், சாவி வனஜாவிடம் இருந்தது. என் மனைவிதான் கதவைத் திறந்துவிட்டாள். ஐம்பது அறுபது பெண்கள், குப்பத்தவர்களும் எங்களவர்களும் முதல் தடவையாக ஒன்றாகச் சேர்ந்து, ஆளுக்கொரு செம்பு தீர்த்தம் ஊற்றினார்கள், ஆளுக்கொரு காசு போட்டார்கள், குலவை போட்டார்கள். பெரிய கடலுக்குச் செய்ததை அப்படியே ஒரு கண்ணாடித் தொட்டிக்குச் செய்தார்கள், அவ்வளவு பாசம்.

தேசம்மா திரும்பி வந்தபோது மத்தியான ஏற்றம் வந்திருக்க வேண்டிய நேரம், வரவில்லை. நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் விழுந்து, காசுகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தன. அவள் தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு காசை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் நாலு மாடியும் வாசலுக்கு வந்தது.

"கும்புட்டே கொன்னுட்டீங்களேடி! படகு அடில செம்புப் பெயிண்ட் எதுக்குடி அடிக்கிறோம்? நத்தையும் சிப்பியும் ஒட்டக் கூடாதுன்னுதானே அடிக்கிறோம்? மீன்காரிங்களா நீங்க? செம்பு ஆவாதுன்னு பொறந்த கொழந்தைக்குத் தெரியும், அத மொண்டு மொண்டு ஊத்தியிருக்கீங்களே!"

அந்தப் பெயிண்டை நானே எத்தனையோ படகுக்கு அடித்திருக்கிறேன், எனக்கும் தெரியும், வனஜா செம்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவதை நானும் பார்த்தேன், எனக்கும் தோன்றவில்லை. சாமிக்கு என்றால் செம்பு, படகுக்கு என்றால் செம்பு, இரண்டும் ஒரே செம்பு என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வனஜா அழுதுகொண்டே, "யக்கா, என்னைய அடிச்சிடுக்கா" என்றாள்.

"அடிச்சா நத்தை எந்திரிக்குமா? ஓடு, பிளாஸ்டிக் பக்கெட்டு எடுத்துகினு வா" என்றாள் தேசம்மா.

பாளையம் காலையில் கொண்டுவந்து திறக்காமல் வைத்திருந்த கேன் தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றி நத்தைகளை அதற்கு மாற்றினாள். தொட்டியைக் கவிழ்த்து, மணலையும் கல்லையும் கொட்டி, கழுவி, துடைத்து, மறுபடி கழுவினோம். ஆனால் தொட்டி நிறையவும், அது நிறைந்த பிறகு இன்னும் நாலு தடவை மாற்றி ஊற்றவும் கடல் தண்ணீர் வேண்டுமே. சனிக்கிழமை விடிந்ததும் புதுவாழ்வு நகர் பஸ் நிறுத்தத்தில் கேனோடு நின்ற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடித்த ஆற்றங்கரைப் பெண்கள் எல்லாம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கண்டக்டர், "இத்தன தண்ணிய ஏத்த முடியாது, எறங்குங்க" என்றார். "தண்ணி இல்ல சார், கடலு, கடலுக்கு டிக்கெட் எவ்ளோன்னு உங்க ரூலுல இருந்தா காட்டுங்க" என்று கேட்டவள் என் வனஜா. இத்தனை வருஷத்தில் என்னைத் தவிர வேறு யாரிடமும் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

நாலு நாள் இப்படிச் சுமந்தோம். ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து, விழுந்த நத்தையைப் புரட்டிவிட்டோம், புரட்டிவிட்டது மறுபடி விழுந்தால் மறுபடி புரட்டினோம். எட்டு நத்தைகள் செத்துப்போயின. ஒவ்வொன்று சாகும்போதும் தேசம்மா செத்ததை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "மிச்சம் எத்தினி?" என்பாள். பதினெட்டு, பதினாறு, பதிமூன்று என்று சொல்லிக்கொண்டே வந்தோம். பதினொன்றில் நின்றது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு நத்தை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அரை விரல் நகர்ந்து, நாங்கள் பட்டினி போடாமல் பாறையிலிருந்து சுரண்டி வந்து வைத்த பாசியை ராவித் தின்றது. அதன் வாய் அசைவதைப் பார்க்க அத்தனை பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றோம்.

புதன்கிழமை நாலு மணிக்கு சர்வேயர் வந்தார், இளம்பரிதி என்று பெயர், சின்ன வயசுதான், ஆனால் மாடி ஏறி மூச்சு வாங்கிவிட்டது. கூடவே வாரியத்துப் பெரிய அதிகாரியும் வெள்ளைக் காரில் வந்து முற்றத்தில் இறங்கினார், எங்கள் முகத்தில் அடித்த மாதிரி, கடல் இல்லை என்று தானே சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை. ஐந்தே காலுக்கு ஏற்றம் என்று பாளையம் சொல்லியிருந்தார். நத்தைகள் ஏறத் தொடங்கின. நோயிலிருந்து எழுந்தவை, நின்று நின்று ஏறின, தண்ணீரும் நின்று நின்று ஏறியது. விளிம்பைத் தாண்டின. வாசற்படியைத் தாண்டின. மூன்று படி இறங்கி, அதற்கு மேல் முடியாமல் அங்கேயே நின்றன, தண்ணீரும் மூன்றாவது படியில் நின்று, சர்வேயரின் ஷூ முனையை நனைத்துவிட்டுத் திரும்பியது.

இளம்பரிதி குனிந்து, தண்ணீர் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார், உயரம் எடுத்தார், எழுதிக்கொண்டார். ஆச்சரியப்படாத ஆள். "உப்பு இருக்கா?" என்று கேட்டு, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கு சார்" என்றார்.

"என்னய்யா இருக்கு?" என்றார் அதிகாரி. "தொட்டித் தண்ணி படியில கொட்டியிருக்கு, அவ்வளவுதான்."

"ரூல்ல தொட்டின்னு தனியா ஒண்ணும் இல்ல சார். ஏறி இறங்குற உப்புத் தண்ணி எட்டுற உச்சம்னுதான் இருக்கு. இங்கருந்து ஐந்நூறு மீட்டர்னா..." என்று அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து விரலால் வளைத்துக் காட்டினார், "அறுபது பிளாக், ரேஷன் கடை, அப்புறம் நம்ம ஆபீஸும் சார். ஆபீஸுக்குக் கரை அனுமதி வாங்கல."

அதிகாரி முகம் சிவந்து, அறிக்கை மேலிடத்துக்குப் போகும், மேலிடம் யோசிக்கும், யோசிக்க ஒரு வருஷம் ஆகும், அதுவரைக்கும் நோட்டீஸ் நோட்டீஸ்தான், சனிக்கிழமை மாலைக்குள் நண்டுப்பாறை மணலில் ஒரு படகு இருக்கக் கூடாது, இருந்தால் உடைப்போம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பாளையம் மறுபடி படிக்கட்டில் உட்காரப் போனார். தேசம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன் குந்துற? படக எடுன்னான், எடுப்போம்."

"எடுத்து எங்கடி வெக்கிறது?"

"கரைல."

சனிக்கிழமை முழுக்க லாரிகள் ஓடின. சந்தில் திரும்பும்போது ஒரு படகின் மூக்கு ரேஷன் கடைப் பலகையைத் தட்டிவிட்டுப் போனது, கடைக்காரர் திட்டவில்லை, பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தள்ள வந்தார். ஆற்றங்கரையில் பிறந்து, வாழ்நாளில் படகை இழுத்திராத நானும் தோள் கொடுத்தேன், தோல் உரிந்தது, அவர்கள் இழுக்கும்போது போடுகிற ஏலேலோவை ஒரு அடி பிந்தியே போட்டு எல்லோரிடமும் கேலி வாங்கினேன். பொழுது சாய்வதற்குள் இருபத்தேழு படகும் புதுவாழ்வு நகர் முற்றத்தில், வாரிய அலுவலகத்தின் வாசலை மறித்து, மூக்கு எங்கள் பிளாக்கைப் பார்க்க வரிசையாக நின்றன. நண்டுப்பாறை மணலில் ஒரு படகும் இல்லை, நோட்டீஸ் சொன்னபடியே.

மறுநாள் ஞாயிறு, பௌர்ணமி. விடுமுறை என்றும் பாராமல் எட்டு மணிக்கே அந்த வெள்ளைக் கார் சீறிக்கொண்டு வந்து, படகுகளுக்கும் எங்கள் படிக்கட்டுக்கும் நடுவில் நின்றது. இறங்கிய அதிகாரி யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டினார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார், அரசாங்க இடம் என்றார், யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது என்றார். படிக்கட்டின் அடியில் நின்றிருந்த தேசம்மா அவர் பேசி முடிக்கும்வரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் பின்னால் மாடி மாடியாக நாங்கள் எல்லோரும் நின்றோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்கு அந்தப் பயத்தை விடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் இருந்தது, அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.

"சார், நீங்க எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டோம்" என்றாள் தேசம்மா. "இது எங்க கரை, இங்க வெச்சிருக்கோம். போலீசு வரட்டும், வந்து கோட்ட அளந்து பாக்கட்டும்."

"இங்க ஏதும்மா கடல்?"

மேலே படிக்கட்டில் சலசலவென்று சத்தம் கேட்டது. மூன்றாவது மாடியில் வனஜா நனைந்த புடவையைத் தூக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்து, "யக்கா, நத்தைங்க நம்ம வீட்டத் தாண்டிடுச்சுங்க, பதினொண்ணும் எறங்குது, நல்ல வேகம்" என்று குரல் கொடுத்தாள். இரண்டாவது மாடியில் தையல்காரர் மிஷினைத் தூக்கி மேஜைமேல் வைக்கும் ஓசை கேட்டது. பாளையமும் மற்ற இருபத்தாறு பேரும் ஆளுக்கொரு படகின் பக்கத்தில் போய் நின்று விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எட்டரைக்கு ஏத்தம்" என்றாள் தேசம்மா. "நீங்க காரை எடுத்துடுங்க சார்."

அதிகாரி படிக்கட்டைப் பார்த்தார், வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காரை எடுத்தார்.